பேசுமுன்னரே முடிந்த தீர்ப்பு

1764ஆம் ஆண்டில் ஜேர்மன் தத்துவஞானியான இம்மானுவேல் கான்ற், அழகும் மாட்சியும் மனித உள்ளத்தில் எழுப்பும் உணர்வுகள் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். அந்நூலின் கடைசிப் பகுதியில் ஒரு தச்சர் வருகிறார். மேற்கிந்தியத் தீவுகளில் வேலை செய்த ஆபிரிக்கர் அவர். தம் மனைவியரை அவர் இறுமாப்போடு நடத்துவதைக் கண்ட லபா என்னும் பிரெஞ்சுக் குருவானவர் அவரைக் கடிந்துகொண்டாராம். அதற்கு அந்தத் தச்சர், மதியீனர் நீங்கள்தாம், முதலில் பெண்களுக்கு அளவுக்கு மிஞ்சி இடங்கொடுக்கிறீர்கள், பின்பு அவர்கள் தலைக்குமேல் ஏறிவிட்டார்களென்று முறைப்படுகிறீர்கள் என்ற கருத்தில் பதில் சொன்னாராம்.

இக்கதையை எடுத்துச் சொல்லும் கான்ற், இதில் சிந்திக்கத்தக்கது ஏதாவது இருக்கக்கூடும் என்று ஒரு கணம் தயங்குகிறார். மறுகணமே, ஆனால் இவன் உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பன், இவன் சொன்னது மடமை என்பதற்கு அதுவே தெளிவான சான்று என்ற கருத்தில் முடித்துவிடுகிறார்.

தச்சரின் கருத்துக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. அவருடைய மனைவியரின் அபிப்பிராயத்தை லபாவும் கேட்கவில்லை, கான்றும் கேட்கவில்லை. ஆயினும் கான்ற் செய்த நியாயத்தைச் சற்று நோக்குங்கள். அளவையியல் படிக்கத் தொடங்கிய முதலாம் ஆண்டு மாணவன்கூட இதில் நடுப்பதம் எங்கே என்று கேட்பான். ‘இவர் கறுப்பர்’ என்பது ஒரு கூற்று. ‘இவர் சொன்னது மடமை’ என்பது முடிவு. இரண்டையும் இணைக்க இடையில் ஒன்றுமில்லை. மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்று 1785இல் உலகுக்குப் போதித்தவரும் இதே கான்ற்தான். அவர் வாழ்ந்த கொனிக்ஸ்பேர்க் நகரின் சுற்றுவட்டாரத்தை விட்டு அவர் தூரதேசம் எதற்கும் போனவரல்லர். ஆபிரிக்கர் என்ன அறிவர், என்ன பேசுவர் என்பதெல்லாம் பிறர் எழுதிய பிரயாண நூல்களிலிருந்து அவருக்குக் கிடைத்தவை. மூளை குறைந்தவர்கள்தாம் இவ்விதம் எண்ணுவார்கள் என்று நம்மை நாமே தேற்றிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே அவரை முதலில் நிறுத்தினோம்.

வாசகர்களே, ஒரு மனிதன் வாய் திறக்குமுன்னரே அவன் எதை அறிந்திருப்பான், எதைப் பற்றிப் பேசுவான் என்று தீர்மானித்துவிடுவது என்ன வகைத் தீமை? அடித்தாலும் சிறையிட்டாலும் அநீதி என்கிறோம். காது கொடுக்காதிருப்பதும் அவ்வாறானதோர் அநீதிதானா, அல்லது வெறும் மரியாதைக் குறைவா? மிராண்டா ஃபிரிக்கர் என்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியை 2007இல் எழுதிய நூலொன்றில் இதை அநீதி என்றே வாதிட்டார். ஒருவர் சொல்லும் சாட்சியத்துக்கு, அவர் இன்னார் என்ற காரணத்துக்காகவே குறைந்த மதிப்புக் கொடுத்தால், அறிகின்ற ஒரு மனிதர் என்ற அவருடைய தகைமைக்கே ஊறு செய்கிறோம் என்பது அவருடைய கருத்து. கறுப்பின மக்களின் வரலாற்றைப் புரட்டினால் அவர் சொல்வதற்குச் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன.

ஜமேக்காவில் பிரான்சிஸ் வில்லியம்ஸ் என்றொருவர் இருந்தார். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்று வணிகத்தில் செல்வம் சேர்த்த ஒருவரின் மகன். இங்கிலாந்து சென்று, 1721இல் லண்டன் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்க்கப்பட்டார். பின்பு ஊர் திரும்பி ஸ்பானிஷ் ரவுண் நகரில் பள்ளிக்கூடம் நடத்தினார். இலத்தீனில் கவி புனைந்தார். (அவருடைய குடும்பமும் அடிமைகளை வைத்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கறுப்பராகப் பிறந்ததனால் ஒருவர் புனிதராகிவிடுவதில்லை. அப்படி எதிர்பார்ப்பதும் வேறொரு வகை முன்முடிவு.) ஸ்கொத்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம், தமது கட்டுரையொன்றுக்கு 1753இல் சேர்த்த அடிக்குறிப்பில் இவரைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறார். ஜமேக்காவில் கல்விமான் ஒருவன் உண்டென்று பேசுகிறார்கள், சில சொற்களைத் திருத்தமாக உச்சரிக்கும் கிளியைப் போல அற்ப சாதனைக்காக அவனைப் புகழ்கிறார்கள் போலும் என்ற பாங்கில் எழுதுகிறார். வில்லியம்ஸை அவர் சந்தித்தவரல்லர். 1774இல் எட்வேட் லோங் என்ற தோட்டச் சொந்தக்காரர் ஜமேக்காவின் வரலாற்றை எழுதியபோது, வில்லியம்ஸின் இலத்தீன் பாடலொன்றைப் பதிப்பித்தார். அதைப் பாராட்டவல்ல, குறை கண்டுபிடிக்கவே பதிப்பித்தார்.

இவருடைய உருவப்படம் ஒன்று லண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையில் 1928 முதல் உள்ளது. பொய்முடி தரித்த கறுப்பர் ஒருவர், புத்தகங்கள் நிறைந்த அறையில், மேசை மீது விரித்த நூலொன்றில் கைவைத்து நிற்கிறார். பின்னால் சாளரம். கால்கள் மெலிந்தும் தலை பெரிதாயும் இருப்பதனால், இது அவரைக் கேலி செய்ய வரைந்த படம் என்று பல அறிஞர்கள் நெடுங்காலம் கருதி வந்தனர். 2024இல் பாரா டபோய்வாலா என்ற வரலாற்றாசிரியர் தம் ஆய்வை வெளியிட்டார். விரித்த நூல் நியூட்டனின் பெருநூல். அதிலும் வால்வெள்ளியின் பாதையைக் கணிக்கும் பக்கம். சாளரத்துக்கு வெளியே வானத்தில் ஒரு கீற்று. அது 1759இல் திரும்பி வந்த ஹலியின் வால்வெள்ளி! நியூட்டனின் முறைப்படி அந்த வால்வெள்ளியின் வருகையைக் கணித்தறிந்தவன் நான் என்று வில்லியம்ஸ் அப்படத்தின் வாயிலாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் படம் எந்தப் பெட்டகத்திலும் பூட்டி வைக்கப்பட்டிருக்கவில்லை. இத்தனை காலமும் நூலும் சாளரமும் கண்முன்னேதான் இருந்தன. அந்த மனிதர் அந்த வால்வெள்ளியின் கணிப்பைப் பற்றிப் பேசுகிறார் என்ற எண்ணம் மட்டும் எழவில்லை.

அறிவை மதியாமையின் விலை சில வேளை உயிர்களாகவும் இருக்கும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் கொற்றன் மேதர் என்ற போதகர் வீட்டில் ஒனேசிமஸ் என்னும் ஆபிரிக்க அடிமை இருந்தார். உனக்கு வைசூரி வந்ததுண்டா என்று எசமானர் கேட்டபோது, வந்ததுமுண்டு, வரவில்லை என்பதும் உண்டு என்றாராம் அவர். தம் நாட்டில் வைசூரிக் கொப்புளத்தின் நீரைச் சிறு கீறலில் இட்டு, இலேசான நோயை வருவித்து, பெருநோயைத் தடுக்கும் முறையை விளக்கித் தம் கையிலிருந்த தழும்பையும் காட்டினார். மேதர் வேறு ஆபிரிக்கரையும் விசாரித்தார். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். 1721இல் பொஸ்ரனில் வைசூரி பரவியபோது இம்முறையைக் கையாளுமாறு மேதர் வைத்தியர்களை வேண்டினார். சப்டியல் பொயில்ஸ்ரன் என்ற ஒருவரே முன்வந்தார். அடிமைகளின் பேச்சை நம்பி வைத்தியம் செய்வதா என்று படித்த வைத்தியர் ஒருவர் பத்திரிகைகளில் எள்ளி நகையாடினார். மேதரின் வீட்டுக்குள் வெடிகுண்டும் எறியப்பட்டது. அந்த ஆண்டு நோய் கண்ட 5,889 பேரில் 844 பேர் இறந்தனர். அதாவது நூற்றுக்குப் பதினான்கு. பொயில்ஸ்ரன் கீறலிட்ட சுமார் 240 பேரில் இறந்தவர் 6 பேர். எத்தனை பேர் அந்தப் பேச்சுக்குக் காது கொடுத்திருந்தால் பிழைத்திருப்பர் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2017இல் ரெனிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸ் சத்திர சிகிச்சை மூலம் குழந்தை பெற்றார். மறுநாள் மூச்சு முட்டியது. 2011இலேயே நுரையீரலில் இரத்தக்கட்டி வந்து தப்பியவர் அவர். எனவே எந்தப் பரிசோதனை வேண்டும், எந்த மருந்து வேண்டும் என்று தாதியிடம் அவரே சொன்னார். நோமருந்தினால் இவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று தாதி எண்ணினாராம். அவர் விடாப்பிடியாக நின்றதால் பரிசோதனை நடந்தது. நுரையீரலில் கட்டிகள் இருந்தன. உலகப் புகழும் செல்வமும் உள்ளவருக்கே இந்தப் பாடு. அமெரிக்காவில் பேறுகாலத்தில் இறக்கும் கறுப்பினத் தாய்மாரின் விகிதம் வெள்ளையரினதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதற்குக் காரணங்கள் பல. தாய் சொல்வதைக் கேளாமையும் அவற்றுள் ஒன்றென்று வைத்தியர்களே எழுதி வருகின்றனர்.

இதுவரை சொன்னது, ‘இவனுக்கு என்ன தெரியும்’ என்ற முன்முடிவைப் பற்றியது. அதைவிட நுட்பமானது ஒன்றுண்டு. ‘இவனுக்கு இது மட்டுந்தான் தெரியும், ஆகவே இதைப் பற்றியே பேசட்டும்’ என்பது. இதைச் செய்பவர்கள் பகைவர்களாக இருக்கவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் நண்பர்களே செய்கிறார்கள்.

பிரெடரிக் டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி வடக்கே வந்தவர். 1841இல் அடிமை ஒழிப்பு இயக்கத்தார் அவரைத் தங்கள் மேடையில் ஏற்றினர். அவர்கள் நல்லவர்கள், தம் கொள்கைக்காகக் கல்லெறியும் பட்டவர்கள். ஆனால் டக்ளஸ் பேசப் பேச அவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டாயிற்று. தாம் பட்ட அடிகளை மட்டும் சொல்வதோடு நில்லாமல், அடிமைமுறை ஏன் தவறு என்று அவர் நியாயம் காட்டத் தொடங்கிவிட்டார். சம்பவங்களை நீ சொன்னால் போதும், தத்துவத்தை நாங்கள் கவனித்துக்கொள்வோம் என்ற கருத்தில் அவர்கள் அவருக்குப் புத்தி சொன்னார்கள். தோட்டத்துக் கொச்சைப் பேச்சுச் சற்று இருந்தால் நல்லது, இத்தனை கல்விமானாகப் பேசினால் ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்றும் சொன்னார்கள். 1855இல் வெளிவந்த தமது இரண்டாவது சுயசரிதையில் டக்ளஸ் இதை எழுதியிருக்கிறார்.

அவர்கள் பயந்தபடியே நடந்ததுதான் வேடிக்கை. இவன் அடிமையைப் போலப் பேசவில்லையே, அடிமையாக இருந்தவன்தானா என்று சபையோர் ஐயுற்றனர். கொச்சையாகப் பேசினால், இவனுக்கு அறிவில்லை. செம்மையாகப் பேசினால், இவன் பொய்யன். இரு பக்கமும் வாசல் அடைபட்ட வீடு. அந்த ஐயத்தைத் தீர்க்கவே 1845இல் தம் எசமானரின் பெயர், ஊர் யாவும் குறிப்பிட்டு முதலாவது சுயசரிதையை அவர் வெளியிட்டார். அதனால் மீண்டும் பிடிபடும் அபாயம் நேர்ந்து அயர்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் போக வேண்டியதாயிற்று. தாம் தாமேதான் என்று நிரூபிக்க ஒரு மனிதர் தம் சுதந்திரத்தையே பணயம் வைத்தார்.

பிற்காலத்தில் டக்ளஸ் எதைப் பற்றியெல்லாம் பேசினார் தெரியுமா? 1861 டிசெம்பரில், நாடு உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தபோது, பொஸ்ரனில் அவர் ஆற்றிய விரிவுரை புகைப்படக் கலையைப் பற்றியது. மனிதன் ஏன் தன் உருவத்தைப் பார்க்க ஆசைப்படுகிறான், தன்னைத் தானே வெளியே நின்று பார்க்கும் ஆற்றல் அவனுக்கு எப்படி முன்னேற்றத்தைத் தருகிறது என்பது பற்றிய தத்துவம்! அவருடைய ஏறத்தாழ 160 வெவ்வேறு புகைப்படங்கள் கிடைத்துள்ளன. அந்நூற்றாண்டில் அவரைப் போலப் புகைப்படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர் வேறொருவர் இல்லையென்பர். தம்மைப் பற்றிப் பிறர் வரைந்த கேலிப் படங்களுக்கு அது அவருடைய பதில் போலும்.

1993இல் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியை ரோனி மொறிசனிடமும், வெள்ளையரை வைத்து எப்போது எழுதப் போகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. 1998இல் ஒரு தொலைக்காட்சிச் செவ்வியில் அக்கேள்வி வந்தபோது, இதில் எவ்வளவு இனவாதம் இருக்கிறதென்று உங்களுக்கு விளங்காது, வெள்ளை எழுத்தாளர் ஒருவரிடம் கறுப்பரைப் பற்றி எப்போது எழுதுவீர் என்று நீங்கள் கேட்கமாட்டீர்களே என்ற பொருளில் அவர் விடையளித்தார். கறுப்பரின் வாழ்வைச் சொல்வது சிறிய விஷயம், அதிலிருந்து வளர்ந்து பெரிய விஷயத்துக்கு வரவேண்டும் என்பது அக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது.

திருச்சபையின் வீட்டுக்குள்ளும் இது நடந்தது. ஒகஸ்ரஸ் ரொல்ரன் 1854இல் மிசூரியில் அடிமையாகப் பிறந்தவர். குழந்தையாகத் தாயுடன் தப்பி இலினோயிக்கு வந்தவர். குருவாக விரும்பினார். ஐக்கிய அமெரிக்காவில் விண்ணப்பித்த எந்தக் குருமடமும் அவரை ஏற்கவில்லை. உரோமாபுரிக்குச் சென்று படித்து, 1886இல் அங்கே குருப்பட்டம் பெற்றார். தம்மை ஆபிரிக்காவுக்கே அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தவரை, உரோமை அமெரிக்காவுக்கே அனுப்பிவைத்தது. குவின்சி நகரில் அவருடைய பிரசங்கத்தைக் கேட்க வெள்ளையரும் வந்தார்கள். அது சிலருக்குப் பொறுக்கவில்லை. கறுப்பருக்கு மட்டும் பணி செய் என்று அயலிலிருந்த குருவானவர் ஒருவராலேயே நெருக்கப்பட்டார். சிக்காகோவுக்கு மாறி, அங்கே 1897இல், நாற்பத்து மூன்று வயதில் இறந்தார். 2019இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவர் உயிரோடிருந்தபோது மூடப்பட்ட கதவுகளையும் சேர்த்து நினைத்தால்தான் அந்த அறிவிப்பின் கனம் தெரியும்.

இவ்விடத்தில் நேர்மையான வாசகர் ஒருவர் தடை எழுப்பலாம். ‘பொதுவாகப் பேசாமல் வாழ முடியுமா? மீனவனிடம் கடலைப் பற்றிக் கேட்கிறோம், கமக்காரனிடம் நெல்லைப் பற்றிக் கேட்கிறோம். அது தவறா?’ தவறன்று. முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சைத் தொடங்க ஓர் ஊகம் வேண்டும். ஆனால் ஊகத்துக்கு ஓர் எல்லையுண்டு. மனிதன் எதிரே நின்று பேசத் தொடங்கிவிட்டால், அவன் பேச்சுத்தான் நேரான சாட்சி. அவனைப் பற்றி ஊரார் சொன்னது கேள்விச் சாட்சி. நேரான சாட்சியிருக்கக் கேள்விச் சாட்சியைக் கொண்டு தீர்ப்பெழுதும் நீதவானை நாம் என்ன சொல்வோம்? கான்ற் செய்தது இதுவே.

ஐயமுள்ள இடத்தில் அயலானைப் பற்றி நல்லதாகவே கொள்ளவேண்டும் என்று புனித தோமஸ் அக்குயினாஸ் போதிக்கிறார். அப்படிச் செய்தால் பலமுறை ஏமாறுவோமே என்ற தடைக்கு அவர் சொல்லும் விடை ஆழமானது: தீயவனை நல்லவனென்று எண்ணிப் பலமுறை ஏமாறுவதில் யாருக்கும் அநியாயமில்லை; நல்லவனைத் தீயவனென்று ஒருமுறை எண்ணினாலும் அவனுக்கு அநியாயம் செய்தவராவோம் என்பது அதன் சாரம். அறிவு விஷயத்திலும் இது பொருந்தும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சிக்கல், ஊகம் தனக்குத் தானே சாட்சி தேடிக்கொள்வது. ஸோரா நீல் ஹேர்ஸ்ரன் என்ற கறுப்பின எழுத்தாளர் 1950இல் ஒரு கட்டுரையில் இதைக் காட்டினார். கறுப்பருள் படித்தவர், சாதாரண இல்லறம் நடத்துபவர், காதலித்துக் கலியாணம் முடித்தவர் பற்றிய கதைகளைப் பதிப்பாளர் அச்சிடுவதில்லை, ஏனெனில் வாசகர் நம்பமாட்டார்கள். வாசகர் ஏன் நம்பமாட்டார்கள்? அப்படிப்பட்ட கதைகளை அவர்கள் படித்ததேயில்லை. பாட்டும் ஆட்டமும் மட்டுமே கேட்டால், பாட்டும் ஆட்டமும் மட்டுமே காதில் விழும். பின்பு, ‘பார்த்தீர்களா, இவர்களுக்குப் பாட்டுத்தான் வரும்’ என்போம். புகழ்ச்சிபோல் தோன்றுவதனால் இதன் விஷம் தெரிவதில்லை.

நமது தீவிலும் ஆபிரிக்க வம்சத்தவர் வாழ்கிறார்கள். போர்த்துக்கேயரும் பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் போர்வீரராகவும் கோட்டை கட்டும் வேலையாட்களாகவும் கொண்டுவந்தவர்களின் சந்ததி. புத்தளத்தை அண்டிய கிராமத்தில் வாழும் சிறு சமூகத்தவர் கத்தோலிக்கர்கள், நமது சகோதரர். அவர்களுடைய ‘மஞ்சா’ப் பாட்டு அறியாத பத்திரிகைக்காரர் இல்லை. அதைப் பாட அவர்களை மேடைக்கும் அழைக்கிறார்கள், அது நல்லதே. ஆனால் அவர்கள் பிள்ளைகளின் படிப்பையும் தொழிலையும் பற்றி அந்த மேடையில் யாராவது கேட்கிறார்களா?

அவர்களைச் சுட்ட நாம் வழங்கும் ‘காப்பிலி’ என்ற சொல்லை எங்கெங்கே எடுக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். தலைமயிர் சுருண்ட பிள்ளையைத் திட்ட, நிறம் குறைந்த பெண்ணின் சம்பந்தத்தைத் தட்ட. போர்க்காலத்தில் கடல் கடந்து போன நம்மவர்கள் அச்சொல்லைப் பெட்டியோடு கொண்டு போனார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் அடுத்த வீட்டுக்காரர் ஜமேக்கரோ கானா நாட்டவரோ கொங்கோ நாட்டவரோ ஆக இருப்பது சாதாரணம். அந்த நாடுகளில் நம் பிள்ளைகளிடமும் யுத்தத்தைப் பற்றியும் கறியைப் பற்றியும் மட்டுமே கேட்பவர்கள் உண்டு. அது எவ்வளவு சலிப்பென்று அவர்களே வீட்டுக்குச் சொல்லிக் கவலைப்படுகிறார்கள். அதே பிள்ளை மறு வாரம் தொலைபேசியில், ‘பக்கத்து வீட்டுக்குக் காப்பிலிக் குடும்பம் ஒண்டு வந்திருக்கு அம்மா’ என்கிறது. ‘பயமில்லையோ பிள்ளை? கதவைப் பூட்டிக்கொண்டு இருங்கோ’ என்று இங்கிருந்து பதில் போகிறது. அந்த வீட்டுக்காரர் தாதியாக இரவு வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அதே பங்குக் கோவிலில் பின்வாங்கில் இருப்பவராகவும் இருக்கலாம். வந்து ஆறு மாதமாகியும் அவருடைய பெயர் இந்தப் பிள்ளைக்குத் தெரியாது.